சிவப்பு மூடிப் பாட்டில்

பிப்ரவரி 3

தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். மூன்றாம் வகுப்போடு நின்ற கை, இதற்குமேல் அழகாக வராது. நான் நலம். நீ நலமா என்று கேட்பது முறை, அதனால் கேட்கிறேன்.

ஏழு வருடம் பேசாமல் இருந்தவள் இப்போது ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். மறந்துவிட்டாள் என்று மட்டும் நினைத்துவிடாதே. என் மகள் போனபோது நீ வரவில்லை. டியூட்டி மாற்ற ஆள் இல்லை என்று இரண்டு வரியில் ஒரு அட்டை போட்டாய். அதிலும் என் தெருப் பெயரைத் தப்பாக எழுதியிருந்தாய். தபால்காரர் சுற்றி அலைந்து கொண்டுவந்து கொடுத்தார். எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது.

விஷயம் இதுதான். குச்சிக்கு இழுப்பு வந்துவிட்டது. குச்சி என்றால் என் மகள் விட்டுப்போன ஒரே பெண். ஒல்லியாக இருக்கிறாள் என்று தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது. பத்தொன்பது வயதாகிறது. கடையில் என்னோடு மெத்தை தைக்கிறாள். ஓரத் தையல் போட்டால் அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும்.

போன வாரம் லாட்ஜிலிருந்து பழைய மெத்தைகள் வந்தன. பிரித்து, பஞ்சை அடித்து, புது உறையில் நிரப்பித் தர வேண்டும். குச்சி ஒரு மெத்தையின் ஓரத்தை பிளேடால் கீறினாள். குப்பென்று தூசி கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். "ஒண்ணுமில்ல பாட்டி" என்று சொல்லப் பார்க்கிறாள், சொல்ல மூச்சு இல்லை, கையை மட்டும் ஆட்டுகிறாள். நெஞ்சுக்குள்ளே துருப்பிடித்த கதவு திறக்கிற சத்தம். அவள் அம்மாவுக்கு வந்ததும் அதே சத்தம்தான்.

தெருமுனை கிளினிக்கில் டாக்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாளெல்லாம் கம்பவுண்டர்தான் எங்களுக்கு டாக்டர். அவர் சொன்னார்: "உங்க தங்கச்சி நர்ஸா இருக்குற ஆஸ்பத்திரியில இதுக்குன்னே தனிப் பிரிவு இருக்கும்மா. வீம்பு பாக்காதீங்க." வீம்பு பார்க்கிறவள் நான் இல்லை என்று காட்டத்தான் இந்தக் கடிதம். இவளையும் தூக்கிக் கொடுக்க என்னால் முடியாது.

உதவி கேட்கவில்லை. வழி உண்டா என்று கேட்கிறேன்.

இப்படிக்கு,
அக்கா


பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து இன்னொரு முறை படித்தேன். நான் நலம். முட்டிவலி மட்டும் என்னோடு குடித்தனம் நடத்துகிறது. உன் இடுப்பு எப்படி இருக்கிறது? இன்னும் தரையில் உட்கார்ந்துதான் தைக்கிறாயா?

பழையதற்கெல்லாம் நான் பதில் எழுதப்போவதில்லை. எழுதினால் சண்டையில் முடியும். குச்சிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அவளை உடனே அழைத்து வா. கையில் வரிசையாகச் சொட்டுச் சொட்டாக மருந்து வைத்து லேசாகக் கீறிப் பார்ப்பார்கள். பூந்தூளுக்கு ஒரு சொட்டு, பூனை முடிக்கு ஒரு சொட்டு, பூஞ்சைக்கு ஒன்று, தூசிப் பூச்சிக்கு ஒன்று. எது ஒத்துக்கொள்ளவில்லையோ அந்த இடம் தடிக்கும். எனக்குத் தூசிப் பூச்சி மேல்தான் சந்தேகம். கண்ணுக்குத் தெரியாது, கடிக்கவும் கடிக்காது. அதன் கழிவு தூசியோடு கலந்து மூக்கில் ஏறுகிறது. பழைய மெத்தைதான் அதற்குச் சொந்த வீடு.

நீங்கள் வரும்வரை பழைய மெத்தை எதையும் அவள் பிரிக்க வேண்டாம். என் அறை சின்னதுதான். இருந்தாலும் மூன்று பேர் படுக்கலாம்.

அன்புடன்,
தங்கை


மார்ச் 8

தங்கைக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். உன் வீட்டில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதச் சொன்னாள் குச்சி, எழுதிவிட்டேன். நான் கண்ட குறைகளை நேரிலேயே சொல்லிவிட்டேன். ஒன்றுதான் விட்டுப்போயிற்று. உன் மெத்தைக்கு நடுவில் குழி விழுந்திருக்கிறது. தைத்தவன் பாதிப் பஞ்சைத் திருடியிருக்கிறான். நீ கட்டிலை எங்களுக்கு விட்டுக்கொடுத்து முட்டிவலியோடு தரையில் படுத்தாயே, தப்பித்தவள் நீதான்.

அந்த டாக்டரை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது. குச்சியின் கையில் தூசிப் பூச்சிக்குச் சொட்டு வைத்த இடம் மட்டும் பணியாரம் மாதிரி உப்பியது. அதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா வேலை பாக்குற?" என்றார். "மெத்தை தைக்கிறேன்" என்றாள். "சரியான எடத்துலதான் போய் மாட்டியிருக்க. வேலைய மாத்திக்க முடியாதா?" "நீங்க மாத்திக்கிறீங்களா டாக்டர்?" என்று நான் கேட்டேன். நீ ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்ததை நான் பார்க்காமல் இல்லை. நீ அப்படிச் சிரித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் வாரா வாரம் போடச் சொன்ன ஊசியை இங்கேயே போடக் கம்பவுண்டர் ஒத்துக்கொண்டார். மருந்தைக் குளிரில் வைக்கச் சொன்னாயே, சோடாக் கடைக்காரர் ஃப்ரிட்ஜில் ஒரு மூலை ஒதுக்கித் தந்திருக்கிறார். "யாராச்சும் தாகத்துல எடுத்துக் குடிச்சிடப் போறாங்க பாட்டி" என்கிறார். குடித்தால் அவன் பாடு.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. நாற்பது வருடமாக இந்தத் தூசியைத்தான் தின்கிறேன். ஒரு தும்மல் கிடையாது. என் மகளையும் பேத்தியையும் மட்டும் ஏன் பிடித்தது? அதுவும் போகட்டும். பிடிக்காத அந்தச் சாமானையே ஊசியில் ஏற்றினால் எப்படிச் சரியாகும்? டாக்டர் சொன்னதில் பாதி ஆங்கிலம், மீதி அவர் மூக்குக்குள்ளேயே நின்றுவிட்டது. எனக்குப் புரிகிற மாதிரி நீ எழுது.

அக்கா


மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் போன பிறகு அறை பெரிதாகிவிட்ட மாதிரி இருக்கிறது. குச்சி மறந்து விட்டுப்போன சீப்பை அலமாரியில் எடுத்து வைத்திருக்கிறேன்.

நீ கேட்டதற்கு எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். தூசி யாருடைய நெஞ்சுக்கும் பெரிய கெடுதல் செய்வதில்லை. குச்சியின் உடம்புதான் அதை எதிரி என்று முடிவு கட்டிவிட்டது. தூசி உள்ளே போனதும் அடிக்க ஓடி வருகிறது. அந்த அடிதடியில் மூச்சுக்குழாய் வீங்கி அடைத்துக்கொள்கிறது. உன் உடம்பும் அதே தூசியைத்தான் பார்க்கிறது. ஆனால் இது சும்மா வருகிற ஆள், போகட்டும் விடு என்று எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டது. அவளுக்கு அந்தப் பாடம் ஏன் ஏறவில்லை என்று பெரிய டாக்டருக்கே சரியாகத் தெரியாது. குடும்பத்தில் வருகிறது என்பது மட்டும் தெரியும்.

இந்த ஊசி அந்தப் பாடத்தைத்தான் திரும்ப நடத்துகிறது. முதலில் உடம்பு கோபப்படாத அளவுக்குத் துளி. அடுத்த வாரம் கொஞ்சம் கூட. அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். மெல்ல மெல்ல உடம்புக்குள்ளேயே சில அணுக்கள் எழுந்து, அடிக்க வருகிற மற்ற அணுக்களைக் கையைப் பிடித்து நிறுத்தும். பச்சை மூடி, நீல மூடி, மஞ்சள் மூடி, சிவப்பு மூடி என்று நான்கு பாட்டில். ஒவ்வொன்றும் முன்னதைவிடப் பத்து மடங்கு காரம். சிவப்பு வந்துவிட்டால் பிறகு மாதம் ஒரு முறை போட்டால் போதும், சில வருடத்துக்கு.

இனி எழுதுவதை நன்றாக மனதில் வாங்கிக்கொள். உன் ஞாபகத்தை நம்பித்தான் எழுதுகிறேன். ஊசி போட்டதும் அரைமணி நேரம் கிளினிக்கிலேயே உட்கார வேண்டும். இழுப்பு இருக்கிற நாளில் போடக் கூடாது. மிக முக்கியமானது, வாரம் தவறக் கூடாது. தவறிவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடங்கவே கூடாது. எனக்கு எழுது, எவ்வளவு குறைத்துத் தொடங்குவது என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன். இடைவெளி விட்டால் உடம்பு பழைய கோபத்துக்கே போய்விடும். அந்த நேரத்தில் பெரிய அளவு உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து.

கம்பவுண்டருக்கு அளவு அட்டவணையை மட்டும் தனியாக அனுப்பியிருக்கிறேன். மற்றதை நீ சொல்லிவிடு.

அன்புடன்,
தங்கை


ஜூன் 5

தங்கைக்கு,

எல்லோரும் நலம். உன் முட்டி எப்படி? நான் சொன்ன மாதிரி வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா, இல்லை நர்ஸுக்கே வைத்தியம் சொல்கிறாள் பார் என்று சும்மா இருக்கிறாயா?

பச்சை முடிந்தது, நீலமும் முடிந்தது. போன வாரம் மஞ்சளில் முதல் ஊசி. ஊசி போட்ட இடம் கொஞ்சம் தடித்து அடங்கியது. கம்பவுண்டர் கடிகாரத்தையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்க்கிறார். "ஏன் சார், என் கையில படமா ஓடுது?" என்று இவள் அவரைச் சிரிக்க வைக்கிறாள்.

வித்தியாசம் தெரிகிறது. பொய் சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் மூன்று தலையணையை முதுகுக்கு அண்டக் கொடுத்து உட்கார்ந்துகொண்டே தூங்குவாள். இப்போது கையைக் காலைப் பரப்பிக்கொண்டு படுக்கிறாள். நேற்று ஒரு மெத்தையை ஒற்றை ஆளாகத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள். நான் கீழே நின்று அவள் மூச்சுச் சத்தத்துக்காகக் காது கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். நீ உடம்புக்கு மறதி ஊசி போடுகிறாய். எதிரியை எதிரி என்று நினைவு வைக்கிற உடம்புதான் எனக்குப் பிடிக்கும். மறக்கிறவர்களைத்தான் எல்லோரும் ஏறி மிதிப்பார்கள்.

அக்கா


ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை எங்கள் பிரிவில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். "என் கையில படமா ஓடுது" என்பதை டாக்டர் இரண்டு முறை படிக்கச் சொன்னார். ஒத்தடம் கொடுக்கிறேன். பொய் இல்லை.

இது மறதி ஊசி இல்லை, அக்கா. உடம்பு எதையும் மறப்பதில்லை. இவன் எதிரி என்று நினைவு வைப்பது போலவே, இவனால் எனக்கு ஒன்றும் ஆகாது என்பதையும் நினைவு வைக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவதுதான் கடினம். அதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தங்காது.

குச்சி மாடி ஏறியதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அம்மா ஞாபகம்தான். இத்தனை நாளாகச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். இதே மருந்து அப்போதும் இங்கே இருந்தது, அக்கா. அழைத்து வா என்று நான் மூன்று முறை எழுதினேன். என் பெண்ணை உன் ஆஸ்பத்திரியில் காட்சிக்கு வைக்க மாட்டேன் என்றாய். அன்றைக்கு நீ வந்திருந்தால் அவளும் இன்று மாடி ஏறியிருப்பாள். குத்திக்காட்ட எழுதவில்லை. இவள் விஷயத்திலாவது சரியாகச் செய்தாயே என்ற சந்தோஷத்தில் எழுதுகிறேன்.

அடுத்த வார அளவு கம்பவுண்டரின் அட்டவணையில் இருக்கிறது.

அன்புடன்,
தங்கை


ஆகஸ்ட் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? ஜூலையில் இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. ஜூன் கடிதத்தில் நான் எழுதியது உன்னைச் சுட்டிருக்கும். கை தவறி எழுதிவிட்டேன் என்று சொன்னால் நம்ப மாட்டாய். மனதில் இருந்ததுதான் வந்தது. ஆனாலும் எழுதியிருக்கக் கூடாது. நீ எதையும் விட்டுவிடுகிறவள் இல்லை என்று தெரிந்தும் எழுதினேன்.

என்னோடு பேச வேண்டாம். ஊசி நடக்கிறதா என்று மட்டும் ஒரு வரி போடு. குச்சியை விட்டாவது எழுதச் சொல்.

அன்புடன்,
தங்கை


செப்டம்பர் 20

தங்கைக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய்.

மூன்று முறை எழுதினேன் என்கிறாய். முதல் கடிதம் வந்தபோது இங்கே வெள்ளத்தில் சாலை அறுந்து கிடந்தது. இரண்டாவது வந்தபோது என் மகளின் புருஷன் வீட்டைவிட்டுப் போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள், எந்த வாயால் ஊசிக்கு வா என்று கூப்பிடுவேன்? மூன்றாவதில், "பிடிவாதத்துக்கும் ஒரு அளவு இருக்கிறது" என்று எழுதியிருந்தாய். நீ எழுதியதை நீயே மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. சாகப்போகிற பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த வரியைப் படித்தவள் நான். டியூட்டி மாற்ற முடியாதவளுக்கு என்னை அளக்க என்ன யோக்கியதை இருக்கிறது?

போகட்டும். உன்னிடம் சண்டைக்கு வரவில்லை. இங்கே மழை பிடித்துக்கொண்டது. கடைச் சுவரெல்லாம் ஈரம், பஞ்சில் ஒரு வாடை. குச்சிக்கு லேசாக இழுக்கிறது.

ஊசி பற்றிக் கேட்டாய். நடக்கிறது. ஒரு வாரமும் தவறவில்லை. மஞ்சள் முடிந்துவிட்டது. சிவப்பு மூடிப் பாட்டிலை அனுப்பு. தாமதம் செய்யாதே.

உன் முட்டியைக் கவனித்துக்கொள்.

அக்கா


செப்டம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நீ திட்டியதெல்லாம் எனக்கு வேண்டியதுதான். ஒரு வாரமும் தவறவில்லை என்ற வரியைப் படித்த பிறகு எனக்கு மற்ற எதுவும் பெரிதாகப் படவில்லை. என்மேல் அத்தனை கோபத்திலும் அவள் ஊசியை விடாமல் போட்டாயே, அதற்கு உன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

சிவப்புப் பாட்டில் இதோடு வருகிறது. ஐஸ் வைத்துக் கட்டியிருக்கிறேன், வந்ததும் ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும். இழுப்பு முழுதாக நின்ற பிறகுதான் போட வேண்டும். இவ்வளவு காரமான மருந்தை வெளியே அனுப்பும் முன், இடையில் விடவில்லைதானே என்று டாக்டர் என்னைக் கேட்டார். என் அக்கா சொன்னால் சொன்னதுதான் என்றேன்.

அன்புடன்,
தங்கை


அக்டோபர் 11

நர்ஸம்மா அவர்களுக்கு,

தெருமுனை கிளினிக் கம்பவுண்டர் எழுதுவது. நலம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை, மன்னிக்கவும்.

சென்ற செவ்வாய்க்கிழமை குச்சிக்குச் சிவப்பு மூடிப் பாட்டிலிலிருந்து ஊசி போட்டேன். பெஞ்சில் போய் உட்கார்ந்தது. உள்ளங்கை அரிக்கிறது என்றது. அடுத்து, "சார், நாக்கு பெருசாகுது" என்றது. உதடு, கண் எல்லாம் வீங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றுவிட்டது. அவசரத்துக்கு வைத்திருந்த ஊசியைத் தொடையில் போட்டேன், இரண்டாவதும் போட்டேன். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு எங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தொண்டையில் குழாய் விட்டு மெஷினில் வைத்திருக்கிறார்கள். பிழைத்துவிடும் என்கிறார்கள். உங்கள் அக்கா வராந்தாவை விட்டு நகரவில்லை, பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

உங்களை ஒன்று கேட்க வேண்டும். ஜூன் கடைசியிலிருந்து அந்தப் பெண் ஊசிக்கே வரவில்லை. நானே கடைக்குப் போய்க் கேட்டேன். "இப்ப நல்லாத்தான இருக்கா. அவ மருந்து ஒண்ணும் எங்களுக்கு வேணாம்" என்றார்கள் உங்கள் அக்கா. மூன்று மாதம் கழித்துச் சிவப்புப் பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினார்கள். "இவ்ளோ நாள் விட்டுப்போச்சேம்மா, மஞ்சளே இன்னும் முடியல. மறுபடி சின்னதுல இருந்துதான ஆரம்பிக்கணும்?" என்று கேட்டேன். "என் தங்கச்சி எழுதியிருக்கா. விட்டது பரவாயில்ல, நேரா செவப்பு போடலாமாம். உனக்குத் தெரியுமா, அவளுக்குத் தெரியுமா?" என்றார்கள். குச்சியும் பக்கத்தில்தான் நின்றது. பாட்டிலும் நீங்கள் அனுப்பியதுதான். நான் போட்டுவிட்டேன்.

எப்படிம்மா அப்படி எழுதினீர்கள்? அட்டவணையோடு இடைவெளியைப் பற்றி எனக்கும் ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? கிளினிக்கை இப்போது பூட்டிவிட்டார்கள். அது போகட்டும். அந்தப் பெண்ணின் முகம் கண்ணைவிட்டுப் போகவில்லை.

இப்படிக்கு,
கம்பவுண்டர்


அக்டோபர் 30

அக்காவுக்கு,

நான் ஊர் திரும்பி இரண்டு வாரம் ஆகப்போகிறது. குச்சி வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நான் அந்த வார்டுக்குள் நுழைந்ததும் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதுதான் குழாயை எடுத்திருந்த, குரலே வராத தொண்டையால், "நீங்க சொல்லித்தான போட்டாங்க, சின்னப் பாட்டி" என்றாள். நான் உன்னைப் பார்த்தேன். நீ போர்வையின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாய். தலையை நிமிர்த்தவே இல்லை.

நானும் ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன். கம்பவுண்டர் எனக்கு எல்லாம் எழுதியிருந்தார். ஆனால் அந்தப் படுக்கைக்குப் பக்கத்தில் அவளுக்கு இருந்தது நீ ஒருத்திதான். அந்த நிலைமையில் உன்னையும் அவளிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

உன்னை ஏன் என்று கேட்கப்போவதில்லை. உன்னால் நிறுத்த முடிந்தது, நிறுத்தினேன் என்று என்னிடம் சொல்ல முடியவில்லை. அவ்வளவுதானே? ஒரு வரி எழுதியிருந்தால் பச்சைப் பாட்டில் அனுப்பியிருப்பேன். கம்பவுண்டருக்கு எழுதாதது என் தப்பு. அதை நான் சுமந்துகொள்கிறேன்.

இப்போது விஷயத்தைக் கேள். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் என்னை அந்தப் பிரிவிலிருந்து மாற்றிவிட்டார், நியாயம்தான். ஆனால் குச்சிக்கு வழி மூடவில்லை என்கிறார். முதலில் இழுப்பை முழுதாக அடக்க வேண்டும். பிறகு பச்சையைவிட நூறு மடங்கு குறைந்த அளவில், இங்கே படுக்கையில் வைத்து, டாக்டர்கள் பக்கத்தில் நிற்க, முதலிலிருந்து தொடங்கலாம். அதற்கு அவள் இங்கே வர வேண்டும். பல மாதம் என்னோடு இருக்க வேண்டும். மெத்தைத் தூசியில் இப்படியே இருந்தால் அவள் அம்மாவின் வயதைத் தொட மாட்டாள் என்றும் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

அவளுக்கு நான் இரண்டு கடிதம் போட்டேன். பிரிக்காமலே திரும்பி வந்தன. என்னைக் கொலைகாரி என்று நினைக்கிற வரைக்கும் அவள் இந்த வாசலை மிதிக்க மாட்டாள். நான் சொன்னால் நம்பவும் மாட்டாள். நீதான் சொல்ல வேண்டும், அக்கா. சின்னப் பாட்டி அப்படி எழுதவில்லை என்று ஒரே ஒரு வாக்கியம். அவள் உன்மேல் கோபப்படுவாள். படட்டும். மூச்சோடு இருந்து கோபப்படட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

தங்கை


ஜனவரி 22

தங்கைக்கு,

நலம். உன் முட்டிவலிக்கு இந்தக் குளிர் ஆகாது. கம்பளித் துணி சுற்றிக்கொண்டு படு. வார்டு மாற்றிய இடத்தில் படிக்கட்டு அதிகமா? மாற்றிய செய்தியைப் படித்து வருத்தப்பட்டேன். இத்தனை வருடம் இருந்த இடம்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. லாட்ஜ் வேலை வந்தது. பழைய மெத்தை எதையும் அவளைத் தொடவிடுவதில்லை. நானே பின்கட்டில் பிரிக்கிறேன். ஆனால் இந்தக் கடையில் தூசி எந்தக் கதவுக்குக் கட்டுப்படுகிறது? வாரத்தில் பாதி நாள் இழுக்கிறது. மறுபடி மூன்று தலையணை.

நீ கேட்டதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஒரு முறை இல்லை, பல முறை. போன மாதம் ஒரு நாள் கடையில் வேறு யாரும் இல்லை. "குச்சி, இங்க வா, ஒண்ணு சொல்லணும்" என்றேன். கையிலிருந்த ஊசியைக் குத்தி வைத்துவிட்டு வந்தாள். வந்தவள் என் இடுப்புக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகினாள். "என்ன பாட்டி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? அதையே நெனச்சுக்கிட்டு இருக்கியா? நீ மட்டும் இல்லேன்னா அன்னிக்கே நான் போயிருப்பேன். எனக்கு நீ ஒருத்தி போதும்" என்றாள்.

என் மகள் இருந்த வரைக்கும் ஒரு முறைகூட என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

கம்பவுண்டர் வேறு ஊரில் மருந்துக் கடையில் வேலைக்குப் போய்விட்டார். கிளினிக் வாசலில் இப்போது யாரோ செருப்பு விற்கிறார்கள்.

நான் எழுதுவதைப் பார்த்து, "யாருக்குப் பாட்டி?" என்றாள். உனக்கு என்றேன். "அவங்களுக்கு எழுத என்ன இருக்கு? நான் செத்தாலும் அவங்க மொகத்துல முழிக்க மாட்டேன். நீ வேணா மறந்துடு, நான் மறக்க மாட்டேன்" என்றாள். சொல்லும்போது தாடையை இறுக்கினாள். கண்ணாடியில் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது.

இனிமேல் நீ எழுத வேண்டாம். தபால்காரரிடம் இப்போது அவள்தான் வாங்குகிறாள். உன் கையெழுத்து என்றால் திருப்பி அனுப்பிவிடுகிறாள். ஏதாவது ஒரு நாள் மனம் மாறிப் பிரித்துப் படித்துவிட்டால் என்ன செய்வது?

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். தலையணை உறைக்கு ஓரம் அடிக்கிறாள். இரண்டு தையல் போடுகிறாள், நிறுத்தி மூச்சு வாங்குகிறாள், மறுபடி இரண்டு தையல் போடுகிறாள். தையல் இன்னும் நேராகத்தான் போகிறது.

அக்கா